ஸ்பெயின் மாசி

செய்கு முகம்மது எந்த டப்பாவையும் முதலில் காதில் வைத்துத்தான் பார்ப்பார். அடுக்கில் முன்னால் இருப்பதைத் தொடமாட்டார். கையை உள்ளே விட்டுத் துழாவி, பின்வரிசையிலிருந்து ஒன்றை உருவி, காதோரம் வைத்து மெதுவாகக் குலுக்குவார். அப்போது கண் மூடியிருக்கும். உள்ளே இருப்பது தக்காளி விழுதோ, கொண்டைக்கடலையோ, பால்பவுடரோ, அது அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும். சொன்னால் கூடைக்குள் போகும். சொல்லாவிட்டால் அடுக்குக்கே திரும்பும், ஆனால் முன்வரிசைக்கு. ஃபஹாஹீலில் நான் வேலை பார்க்கும் சூப்பர்மார்க்கெட்டில் அடுக்குகளை நேராக்கி வைப்பது என் டியூட்டி. அவர் வந்து போன பாதை எனக்குத் தெரியும். ஊமை டப்பாக்களெல்லாம் அங்கே முன்னால் வந்து நிற்கும்.

அவருக்கு ஊர் தொண்டி. கடற்கரைச் சாலையில் ஒரு குவைத்திக் குடும்பத்துக்குச் சமையல். தாடிக்கு மருதாணி போடுவார், தலைக்குப் போடமாட்டார். அதனால் தூரத்தில் பார்த்தால் இரண்டு வெவ்வேறு ஆட்களின் பாதிகளை ஒட்ட வைத்தது போலிருக்கும். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் ஏலக்காய். பேச்சுக்கு நடுவே ஒன்றை எடுத்து, கடிக்காமல், கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். எதைக் கேட்டாலும் முதல் பதில் "மாஃபி முஷ்கில்". ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு அவர் பிரச்சினையைச் சொல்லத் தொடங்குவார்.

ஸ்டோரில் அட்டைப்பெட்டிகளுக்கு இடையே நான் செருகி வைத்திருந்த கவிதைப் புத்தகத்தை ஒருநாள் எடுத்துப் புரட்டினார்.

"என்னா தம்பி, வரியெல்லாம் பாதியிலயே நிக்கிது? மை தீந்து போச்சா?"

"அது அப்படித்தான் எழுதுவாங்க, பாய்."

"மிச்சம்?"

"மிச்சத்த நாமளே நெனச்சுக்கணும்."

புத்தகத்தைக் காதோரம் கொண்டுபோய்க் குலுக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சரிதான். ஏதோ கெடக்கு உள்ள," என்று திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் படித்தவன் என்று முடிவு கட்டிவிட்டார். டப்பாவின் முதுகில் இருக்கும் பொடி எழுத்துகளைப் படித்துச் சொல்லும் வேலை என்னுடையதாயிற்று.

குவைத் கொதிக்கத் தொடங்கியதும் அந்தக் குடும்பம் ஸ்பெயினுக்குப் போய்விடும். மலகா என்ற கடற்கரை நகரத்தில் அவர்களுக்கு ஒரு ஃப்ளாட் உண்டு. வீட்டுப் பெரியவர் வேறு யார் வடித்த சோற்றையும் தொடமாட்டார் என்பதால், குக்கரோடு குக்கராக செய்கு பாயையும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அவர் ஐரோப்பாவைப் பார்த்தது இப்படித்தான்.

"ஊரு எப்படி பாய்?"

"மாஃபி முஷ்கில். நல்ல ஊருதான். ஆனா வெயில என்னமோ காசு குடுத்து வாங்குன கணக்கா எல்லாரும் மணல்ல மல்லாந்து கெடக்குறாக. பெரட்டி விடத்தான் ஆளில்ல."

அங்கே எந்த மொழியில் பேசுவார் என்று கேட்டேன். தமிழில்தான் என்றார். அவசரப்படாமல் நிதானமாகப் பேசினால் தமிழ் எல்லோருக்கும் புரியும் என்பது அவருடைய முடிவு. அவசரப்பட்டால்தான் அரபி வேண்டும்.

இவருக்கு மாஹிரா என்று ஒரே மகள். உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருக்கிறார். சம்பந்தி சாதிக் பாட்ஷாவுக்குக் கடைத்தெருவில் மாசிக் கடை. சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டை போலக் காயவைத்தால் அது மாசி. தொண்டியில் மாசியைப் பற்றி ஒரு சண்டை வந்தால் அவர் கடை வாசலில்தான் தீர்ப்பு. கட்டையைக் கையில் வாங்கி, ஒரு தட்டுத் தட்டி, எந்தத் தீவிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாராம். நல்ல மனிதர்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

கல்யாணமான புதிதில் மாஹிரா பெருமையாக, "எங்க வாப்பா ஒவ்வொரு வருஷமும் ஸ்பெயினுக்குப் போவாக" என்று மாமியார் வீட்டில் சொல்லியிருக்கிறாள். பொய்யில்லை. ஆனால் வாப்பா குவைத்தில் சமையல் வேலை பார்ப்பவர் என்பதும் அந்த வீட்டுக்குத் தெரியும். இரண்டும் அங்கே யாருக்கும் ஒட்டவில்லை. முதல் வருடம் செய்கு பாய் அனுப்பிய விசிறியைச் சாதிக் பாட்ஷா விரித்து, மடக்கி, கைப்பிடியைத் திருப்பினார். சீனாவில் செய்தது என்று பொறித்திருந்தது. "சம்பந்தி இத ஸ்பெயின்ல வாங்குனாகளா, பர்மா பஜார்ல வாங்குனாகளா?" என்று சபையில் கேட்டிருக்கிறார். வீடே சிரித்திருக்கிறது. அடுத்த வருடம் ஃப்ரிட்ஜில் ஒட்டும், காளை மாடு போட்ட காந்த வில்லைகள். அவையும் சீனா. மலகாவின் பெரிய தேவாலயத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பினார். "இப்பல்லாம் போன்லயே முதுகுக்குப் பின்னாடி எந்த ஊர வேணாலும் ஒட்டிக்கலாம்" என்றார் மச்சான் முறையில் ஒருவர். அதோடு அது அந்த வீட்டில் ஒரு பகடியாக நிலைத்துவிட்டது. குழம்பில் உப்புக் கூடினால், "ஸ்பெயின் உப்பாம்மா?" குழாயில் தண்ணீர் வராவிட்டால், "ஸ்பெயின்ல வருதான்னு கேளு, மாஹிரா."

போன வருடம் விமானம் ஏறுவதற்கு முன் அவள் அழைத்திருந்தாள். அதை அவர் எங்கள் கடையில் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் அப்படியே சொன்னார்.

"'வாப்பா, ஒண்ணும் கொண்டு வராதிய. கொண்டு வந்தா, அங்க மட்டும் கெடைக்கிறதா, வேற எங்கயும் கெடைக்காததா ஒண்ணே ஒண்ணு கொண்டு வாங்க. இல்லாட்டி நான் சொன்னது பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்'னு சொல்லுறா தம்பி. புள்ள குரலே சரியில்ல."

மாஃபி முஷ்கில் என்று அவர் அன்று சொல்லவில்லை.

மலகாவிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய நாள் காலையில் அவருக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். சந்தைக்குள் நின்றுகொண்டு எனக்கு வீடியோ கால் போட்டார். நான் டியூட்டியில் இருந்தேன். போனைப் பிஸ்கட் அடுக்கில் சாய்த்து வைத்துக்கொண்டு எடுத்தேன். திரை முழுக்க ஒரு காது.

வீடியோ காலிலும் போனைக் காதில்தான் வைப்பார். எத்தனை முறை சொன்னாலும் ஒரு நிமிடம் முகத்துக்கு நேரே பிடிப்பார். பிறகு பேச்சு சூடாகும்போது போன் தானாகக் காதுக்கு ஏறிவிடும். ஆகவே ஸ்பெயின் என்பது எனக்குப் பெரும்பாலும் செய்கு பாயின் வலது காது. அதன் ஓரத்தில் ஒரு வண்ணக்கண்ணாடிச் சன்னல் தலைகீழாக வந்து போகும். யாரோ கத்துவார்கள். தர்பூசணி வெட்டும் சத்தம் கேட்கும்.

"தம்பி மணிமாறா, உங்க கடையில இல்லாததா நான் இன்னக்கி எடுக்கணும். உங்க கடையில இல்லாட்டி குவைத்துல இல்ல. குவைத்துல இல்லாட்டி தொண்டியில இல்ல. கணக்கு சரியா?"

சரியா, தவறா என்று எனக்குப் புரியவில்லை. சரி என்றேன்.

முதலில் ஆலிவ் எண்ணெய். பச்சை போத்தல், மஞ்சள் சீட்டு. போன் காதிலிருந்து இறங்கி ஒரு கணம் காட்டிவிட்டு மீண்டும் ஏறியது. நான் திரும்பிப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால், அதே பச்சை, அதே மஞ்சள்.

"இருக்கு பாய்."

"வெல?"

"இங்க ஆஃபர் வேற போட்டுருக்கு."

"விட்டுத் தள்ளு. இது? குங்குமப்பூ."

"கல்லாவுக்குப் பக்கத்துல கண்ணாடி அலமாரியில இருக்கு."

"அட, தொண்டியில எல்லா வீட்டுப் பீரோவுலயும்தான் இருக்கு. எனக்கு ஏன் தோணல? சரி, இந்தப் பாதாம் மிட்டாயி?"

"மூணாவது வரிசை."

"ஆலிவ் ஊறுகா?"

"நாலு தினுசு."

"நீ ஒருதடவயாச்சும் இல்லன்னு சொல்லுறியா பாரு!" என்று கோபித்துக்கொண்டார், இதையெல்லாம் கப்பலில் ஏற்றி வரச் சொன்னதே நான்தான் என்பது போல. எனக்கே கொஞ்சம் குற்றவுணர்வாக இருந்தது. அத்தி உருண்டை, காய்ந்த மிளகாய்ப் பொடி, பூப்போட்ட தகர டின்னில் ரொட்டி என்று அவர் கேட்கக் கேட்க, நான் அடுக்குகளுக்கிடையே ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாம் இருந்தது. பல வருடங்களாக நான் தூசி தட்டும் அடுக்குகளில் ஒரு ஊரே சிதறிக் கிடந்திருக்கிறது. எந்த ஊரில் நிற்கிறேன் என்று தலை சுற்றியது. சூப்பர்வைசர் வரிசையின் முனையில் நின்று, "க்யா கோயா, பாய்?" என்றார். என்ன தொலைந்தது என்று கேட்கிறார். எதைச் சொல்வது?

திரும்பி வந்து பார்த்தால் காதுக்குப் பின்னால் வரிசையாகப் பெரிய பெரிய தொடைகள் தொங்கின. குளம்போடு.

"பாய், அது என்னது தொங்குறது?"

"பாக்காத, பாக்காத." கட்டைவிரல் வந்து கேமராவை மூடியது. திரை சிவப்பானது. "பன்னி. இந்த வரிசைய நான் மூச்சடக்கித்தான் தாண்டுவேன்."

"நான் பாத்தா என்ன பாய், நான் இந்துதான?"

"இருந்துட்டுப் போ. ஏங் கையால ஒனக்குக் காட்டுனதா இருக்க வேணாம்."

சிவப்பு இருட்டில் நான் காத்திருந்தேன். காலடி நின்றது. நீளமாக மூச்சு விட்டார். பிறகு, இதுவரை அவரிடம் நான் கேட்டிராத சோர்ந்த குரலில் சொன்னார்:

"தம்பி, இந்த ஊருக்குன்னு உள்ளதெல்லாம் ஹராமா இருக்கு. ஹலாலா உள்ளதெல்லாம் ஒங்க கடையில இருக்கு. நான் எங்க போவேன்?"

ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நேராக்கி வைத்தேன்.

கூட்டத்தின் இரைச்சல் மட்டும். போனைப் பைக்குள் போட்டுவிட்டாரோ என்று நினைத்தேன். திடீரென்று போன் முகத்துக்கு நேராக வந்தது. அன்றைய அழைப்பில் முதல் முறையாக அவருடைய முழு முகத்தைப் பார்த்தேன். மூக்கு விடைத்திருந்தது. ஏலக்காய் கன்னத்தில் அசையாமல் நின்றது.

"தம்பி. மாசி வாடை."

மீன் கடைகள் இருக்கும் பக்கம் வந்திருக்கிறார். ஈர மீன்கள் முடியும் மூலையில் ஒரு சின்னக் கடை. ரப்பர் கவசம் கட்டிய ஓர் அம்மாள். அவருக்கு முன்னால் மரப்பலகையில் கருஞ்சிவப்பாக, கட்டை கட்டையாக ஏதோ. செய்கு பாய் நிதானமான தமிழில் அவரிடம், "இது என்னாம்மா, சூரையா?" என்றார். அந்த அம்மாள் ஸ்பானிய மொழியில் ஏதோ நிறையச் சொன்னார், கையால் மீன் நீந்துவது போலக் காட்டினார், வானத்தைக் காட்டினார், ஊதிக் காட்டினார். "ஆமாமா, காத்துலயா. எங்க ஊர்ல பொகையில போடுவாக," என்றார் இவர். அவரும் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

கண்ணாடித்தாள் போல ஒரு துண்டை நறுக்கி, எண்ணெய் சொட்டி, கத்தி முனையில் நீட்டினார் அந்த அம்மாள். போன் காதுக்கு ஏறியது. அவர் மெல்லுவது தெரிந்தது. காது மேலும் கீழும் அசைந்தது. பிறகு நின்றது. பிறகு இன்னும் மெதுவாக அசைந்தது.

"பேரு போட்டிருக்கு, படி."

உறையைக் கேமராவில் ஒட்டிப் பிடித்தார். மொஹாமா என்பது போல இருந்தது. கணினியில் தேடினேன். இல்லை. எழுத்தை மாற்றிப் போட்டேன். இல்லை. கருவாட்டு வரிசைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சூப்பர்வைசரிடமே கேட்டேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"இல்ல பாய்."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். எங்கள் கடையில் ஒரு பொருள் இல்லை என்பதற்காக அல்லாவுக்கு நன்றி சொன்ன வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.

மனசு கேட்காமல் மெதுவாகச் சொன்னேன்: "பாய், உங்க சம்பந்தி மாசிக் கடைக்காரரு. ஸ்பெயின்லருந்து அவருக்கு மாசியா கொண்டு போவீங்க? இன்னும்ல சிரிப்பாரு."

"நீ படிச்சவன்தானா?" என்றார். குரலில் ஏளனம் இல்லை, உண்மையான சந்தேகம். "விசிறியப் பத்தி அவருக்கு என்னா தெரியும்? காந்தத்தப் பத்தி என்னா தெரியும்? அதனால திருப்பிப் பாத்து எழுத்தக் கூட்டுனாரு. மாசி அப்படியில்ல. இதத் தட்டிப் பாப்பாரு. மோந்து பாப்பாரு. இது மினிக்காய் இல்ல, மாலத்தீவு இல்ல, நம்ம கடல்லயே இல்லன்னு அவரு வாயாலதான் சொல்லியாகணும். ஏம் புள்ள சொன்னது நெசம்னு அந்த வீட்டுல சொல்லக்கூடிய ஒரே ஆளு அவருதான். சொல்ல வைக்கக்கூடிய ஒரே சாமான் இது."

இது புத்திசாலித்தனமா, பைத்தியக்காரத்தனமா என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

குவைத்துக்குத் திரும்பியதும் அதை எங்கள் கடையின் பின்வாசலில் வைத்துப் பிரித்துக் காட்டினார். குவைத்தி வீட்டு மேடத்தின் பெட்டிக்குள் வாடை ஏறாமலிருக்கத் துண்டுக்குள் துண்டு, அதற்குள் பிளாஸ்டிக், அதற்குள் காற்றை உறிஞ்சிய உறை. என் மூக்கருகே நீட்டினார்.

"நம்ம மாசி மாதிரிதான் இருக்கு, பாய்."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "நம்ம மாசிய ஒலக்கையால ஒடைக்கணும். இது கத்திக்கு இறங்குது பாரு. உள்ள செவப்பு பாரு. ஒனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்." பிறகு, தன்னைத்தானே தேற்றிக்கொள்வது போல, "தெரியணும்," என்றார்.

அந்த வாரம் லீவில் போன பழனிச்சாமி அண்ணன் கையில் பொதி தொண்டிக்குப் போயிற்று. பழனிச்சாமி அண்ணன் கிரேன் ஓட்டுகிறவர், திருவாடானைக்காரர். அதன்பின் சில நாட்கள் செய்கு பாய் கடைக்கு வந்தால் டப்பாக்களைக் குலுக்குவார், ஆனால் கண்ணை மூடமாட்டார். கண் போன் மேல் இருக்கும். அழைத்துக் கேட்கவும் மாட்டார். கேட்டால் சம்பந்தி வீட்டில் யார் பக்கத்தில் இருப்பார்களோ என்று பயம்.

ஒருநாள் வாசலிலிருந்தே "கலாஸ் தம்பி, கலாஸ்!" என்று கத்திக்கொண்டு வந்தார். கதை முடிந்தது, ஜெயித்தாயிற்று என்ற பொருளில்.

"மாஹிரா பேசுச்சு. மாமாக்கு ரொம்பப் புடிச்சிருச்சாம். தட்டிப் பாத்தாகளாம், மோந்து பாத்தாகளாம், ஒரு வார்த்த பேசலயாம். வாயடச்சுப் போச்சு!" ஒரு ஏலக்காயை எடுத்து எனக்கும் கொடுத்தார். அன்று அவர் எடுத்த டப்பாக்கள் எல்லாமே பேசின போலிருக்கிறது. ஒன்றையும் திருப்பி வைக்கவில்லை.

டிசம்பரில் எனக்கு லீவு கிடைத்தது. செய்கு பாய் தன் மகளுக்கென்று ஒரு பால்பவுடர் டின்னும் ஷாம்பூவும் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரிலிருந்து தொண்டிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். நேரில் பார்க்கப் போகிறோம் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அந்த மாசியைத் தட்டிய கையைப் பார்க்க வேண்டும்.

சாதிக் பாட்ஷா கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். எதிரில் உட்கார வைத்தார். குவைத்தில் குளிர் எப்படி, சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்களா என்றெல்லாம் விசாரித்தார். நான் எதிர்பார்த்த ஆள் இல்லை. பேச்சு இதமாக இருந்தது. தானாக அவர் அதைச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"நம்ம சம்பந்தி இந்த வருஷம் ஸ்பெயினுக்குப் போகலையாம்ல," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "எங்க?" என்றேன்.

"ஸ்பெயினுக்கு. மருமகதான் சொன்னுச்சு. வாப்பா இந்தத் தடவ போகல, சாமான் ஒண்ணும் வரலன்னு. நல்லதுதான் தம்பி. சும்மா நாங்க கேலி பண்ணப் போயி, அந்த மனுசனுக்கு வீண் செலவு. இப்ப நாங்களும் அந்தப் பேச்ச விட்டுட்டோம்."

உள்ளேயிருந்து தேநீர்த் தட்டோடு மாஹிரா வந்தாள். போட்டோவில் பார்த்த முகம்தான். மாமனாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். என்னைப் பார்த்தாள். தலையை அசைத்தாளா, முக்காட்டைச் சரிசெய்தாளா, அதுகூட எனக்கு நிச்சயமில்லை. பழனிச்சாமி அண்ணன் பொதியைத் தொலைத்துவிட்டாரோ, வேறு வீட்டில் கொடுத்துவிட்டாரோ, இவள் வாப்பாவிடம் ஏன் அப்படிச் சொன்னாள் என்று என்னென்னவோ ஓடியது. சாதிக் பாட்ஷா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றேன். "இந்த வருஷம் போகல."

தேநீர் சூடாக இருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது, பால்பவுடர் டின் வந்த பையைத் திருப்பித் தரும் சாக்கில் அவள் பின்னாலேயே வந்தாள். தெருவைப் பார்த்தபடி வேகமாகப் பேசினாள்.

"அண்ணே, வாப்பாட்ட சொல்லிராதிய. அது வந்துச்சு, வீட்டுல யாரும் இல்லாதப்ப. நான்தான் தின்னேன். மாமாட்ட குடுத்தா நெசம்னு ஒத்துக்கிருவாக, எனக்கும் தெரியும். ஆனா அம்புட்டையும் கடையில வச்சு அறுத்து, ஊருக்கே ஆளுக்கொரு துண்டு காட்டிருவாக. வாப்பா அனுப்புன சாமான்ல இந்த வீட்டு ஆளுகளுக்குப் போகாம ஏங் கைக்கு வந்தது அது ஒண்ணுதான்."

அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாளாம். கொஞ்சங் கொஞ்சமாக, நகம் அளவுக்கு நறுக்கி. கடைசித் துண்டு தீர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம்.